ஜித்தாவில் பேசி முடித்தால் பிள்ளையை விட்டுவிடுவார்களா? எங்கள் எம்.பி.க்கள் மூவருக்கும் ஒரு திறந்த மடல்

கடலூர், சிதம்பரம், புதுச்சேரி தொகுதிகளின் மக்களவை உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பெயருக்குத்தான் ஜெராக்ஸ் கடை. பாஸ்போர்ட் விண்ணப்பம், பட்டா நகல், முதியோர் உதவித்தொகை, பிள்ளைகளின் கவுன்சலிங் என்று கம்ப்யூட்டரில் தட்ட வேண்டியது எல்லாவற்றையும் தட்டிக் கொடுப்போம். கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்க வருகிறவர்களில் பலர் முதலில் நகல் எடுக்க இங்கேதான் ஒதுங்குவார்கள்.

எனக்கு ஓட்டு உங்களில் ஒருவர் தொகுதியில்தான். ஆனால் கடைக்கு மூன்று தொகுதிக்காரர்களும் வருகிறார்கள். பரங்கிப்பேட்டை, லால்பேட்டை, புவனகிரிப் பக்கம் என்றால் சிதம்பரம் தொகுதி. பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி என்றால் கடலூர். பாகூர், கிருமாம்பாக்கத்து ஆட்களுக்குப் புதுச்சேரி டவுனுக்குப் போவதும் தென்பெண்ணையைத் தாண்டி இங்கே வருவதும் ஒன்றுதான். அதனால் மூவருக்கும் சேர்த்து ஒரே மடல். யார் எந்தக் கட்சி என்பது இதில் வராது.

2023-லிருந்து எனக்கு ஒரு பழக்கம். சிலர் கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பதுபோல, வெளியுறவு அமைச்சர் நாடாளுமன்றத்தில் கொடுக்கும் பதில்களை எடுத்துப் படிப்பேன். உக்ரைன், காசா, மேற்கு ஆசிய அமைதி முயற்சி என்று ஒரு பக்கம். வெளிநாடு போன தொழிலாளர், செத்தவர்கள் எண்ணிக்கை, போலி ஏஜென்ட் என்று இன்னொரு பக்கம். படித்துப் படித்து எனக்கு ஒன்று உறைத்தது. அமைச்சர் பதில் சொல்லாமல் இருப்பதில்லை. கேட்டதற்குப் பதில் வருகிறது. கேட்பதில்தான் கோளாறு. கேட்கிறவர்கள் நீங்கள் என்பதால் அமைச்சருக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

2023 மே மாதம், அக்னி நட்சத்திர வெயில். புவனகிரிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அம்மா மஞ்சப்பையோடு வந்து நின்றார். பையில் ரேஷன் கார்டு, மகனின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், ஐ.டி.ஐ. சர்டிபிகேட், லேமினேட் போட்ட ஒரு போட்டோ. மகன் ஃபிட்டர். சூடானில் ஒரு தொழிற்சாலையில் வேலை. ஏப்ரல் நடுவில் அங்கே ராணுவமும் துணை ராணுவமும் ஒன்றையொன்று சுட ஆரம்பித்த பிறகு சம்பளமும் வரவில்லை, ஆளும் வரவில்லை. போனைக் கொடுத்து ஒரு வாய்ஸ் மெசேஜைப் போடச் சொன்னார். "சாப்ட்டேன்மா, பயப்படாத, சார்ஜ் இல்ல" என்று ஒரு பையன் குரல். அதற்குப் பின்னால் தட் தட் தட்டென்று ஒரு சத்தம்.

"அது என்னா தம்பி சத்தம், பட்டாசா?"

ஜெனரேட்டர் என்று சொல்லிவிட்டேன்.

அப்புறம் அவர் கேட்டதுதான் இந்த மடலின் தலைப்பு. "ஜித்தாவுல பேசுறாங்களாமே தம்பி. பேசி முடிச்சா புள்ளைய விட்ருவாங்களா?"

டிவியில் சவுதியின் ஜித்தா நகரத்துப் பெயர் அப்போது இரண்டு செய்திகளில் வந்துகொண்டிருந்தது. ஒன்று, ஆபரேஷன் காவேரி. நம் கடற்படைக் கப்பல்கள் போர்ட் சூடானிலிருந்து நம் ஆட்களை ஏற்றி ஜித்தாவில் இறக்க, அங்கிருந்து விமானத்தில் ஊருக்கு. இன்னொன்று, சண்டை போட்ட இரண்டு தரப்பையும் சவுதியும் அமெரிக்காவும் உட்கார வைத்துப் பேசிய பேச்சுவார்த்தை. அதுவும் ஜித்தாவில்தான். அம்மாவுக்கு இரண்டும் ஒரே ஜித்தா. அங்கே பேசுகிறார்கள், அங்கிருந்து பிள்ளைகள் வருகிறார்கள், அப்போது பேசி முடித்தால் என் பிள்ளையும் வரும். குழம்பிவிட்டார் என்று நினைத்துக்கொண்டு, "அது வேற, இது வேறம்மா" என்று விளக்கப் பார்த்தேன். இப்போது அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவர் சரியாகத்தான் கேட்டார். அந்த இரண்டையும் வேறு வேறாக வைத்திருப்பது டெல்லி.

மே 5-ம் தேதி ஆபரேஷன் காவேரி முடிந்தது. மீட்டவர்கள் 3,862 பேர் என்று அமைச்சர் அறிவித்தார். விமானப்படை 17 முறை பறந்தது, கடற்படைக் கப்பல்கள் 5 நடை போய் வந்தன. குறை சொல்ல மனம் வராத வேலை அது. சண்டைக்கு நடுவில் விமானத்தைக் கொண்டுபோய் இறக்குவது விளையாட்டில்லை. ஆனால் நான் சொல்லும் பையன் அந்தக் கணக்கில் இல்லை. அவன் இருந்தது தலைநகர் கார்ட்டூமுக்குத் தெற்கே வெகுதூரத்தில். பாஸ்போர்ட் கம்பெனியின் கார்ட்டூம் ஆபீஸ் லாக்கரில் கிடந்தது. ஆபீஸ் இருந்த தெருவில் சண்டை.

சரி, புகார் போடலாம் என்று மதத் தளத்தைத் திறந்தேன். வெளிநாட்டில் சிக்கியவர்களுக்காக வெளியுறவு அமைச்சகம் 2015-ல் தொடங்கிய தளம் அது. மதத் என்றால் இந்தியில் உதவி. "மதத்துல ஒரு புகார் போடணும்மா" என்றதும் அந்த அம்மா, "எந்த மதத்துல தம்பி, நாங்க இந்துங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. (தமிழ்நாட்டுக்காரன் படிக்கிற மாதிரி ஒரு பெயர் வைத்தால் என்ன குறைந்துவிடும் என்பதையும் நேரம் கிடைத்தால் கேளுங்கள்.) பாஸ்போர்ட் எண் கேட்டது. அம்மாவிடம் நகல் இல்லை. பையனின் தங்கைக்குப் போன் போட்டு, கிளம்பும் முன் அவன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய விசா போட்டோவைத் தேடி, அதைப் பெரிதாக்கிப் பார்த்துத்தான் எண் கிடைத்தது. ஒரு எண் எட்டா, மூன்றா என்று தெரியாமல் பத்து நிமிடம் போனது.

அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. சூடானில் எத்தனை தமிழர், எத்தனை கடலூர்க்காரர் என்று அரசிடம் ஏதாவது ஒரு பட்டியல் இருக்குமே என்று தேடினேன். இப்படித்தான் நாடாளுமன்றப் பதில்களுக்கு வந்து சேர்ந்தேன்.

அங்கே கிடைத்தது இசிஆர்.

எங்கள் ஊரில் இசிஆர் என்றால் கிழக்குக் கடற்கரைச் சாலை. அமைச்சகத்தின் இசிஆர் வேறு. பத்தாவது தேறாதவரின் பாஸ்போர்ட்டில் இருக்கும் 'குடிபெயர்வுச் சோதனை தேவை' என்ற குறிப்பு அது. 18 நாடுகளில் ஒன்றுக்கு வேலைக்குப் போவதென்றால் 1983-ம் வருடத்துக் குடிபெயர்வுச் சட்டப்படி முன் அனுமதி வாங்க வேண்டும் என்று அதற்குப் பொருள். வளைகுடா நாடுகள் ஆறும், மலேசியாவும், ஈராக்கும், ஏமனும், சூடானும் அந்தப் பட்டியலில் உண்டு. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் போகும் சிங்கப்பூர் கிடையாது. அனுமதி வாங்குகிறவர் அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவாவார். விபத்தில் செத்தால் 10 லட்சம் கிடைக்கும் பிரவாசி காப்பீடும் அவருக்குக் கட்டாயம்.

பத்தாவது தேறியவருக்கு இது எதுவும் தேவையில்லை. நர்சுகளுக்கு மட்டும் தனி விதி. மற்றவர்கள் விசாவைக் காட்டி விமானம் ஏறிவிடலாம். எந்தப் பதிவும் இருக்காது. "எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள்" என்று நீங்கள் கேட்கும்போது அமைச்சகம் எடுத்துக் கொடுப்பது இந்த இ-மைக்ரேட் கணக்கு. அதில் உத்தரப் பிரதேசமும் பீகாரும் மேலே நிற்கும். தமிழ்நாடு அவற்றுக்கு ரொம்பக் கீழே இருக்கும். பார்க்கிறவர்கள் தமிழ்நாட்டிலிருந்து அதிகம் பேர் போவதில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். பரங்கிப்பேட்டையில் ஒரு தெருவில் பத்து நிமிடம் நின்றால் அந்தக் கணக்கின் லட்சணம் தெரிந்துவிடும். நம் பிள்ளைகள் பத்தாவது தேறியிருப்பதால் கணக்கில் விழுவதில்லை, அவ்வளவுதான். இதை அந்த அம்மாவுக்கு விளக்கியபோது, "அப்ப பெயிலாயிருந்தா கணக்குல வந்திருப்பானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதற்கு மேல் என்ன சொல்ல?

உங்களில் யாருக்கும் இது தெரியாது என்று நான் சொல்லவில்லை. தெரிந்தும் அதே "எத்தனை பேர்" கேள்வியைக் கேட்பதுதான் வருத்தம். கேள்வி கேட்பதில் உள்ள சிரமமும் எனக்குத் தெரியும். மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் கேள்வி 20, நட்சத்திரம் இல்லாதவை 230. குறைந்தது 15 நாள் முன்னால் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், குலுக்கலில் வர வேண்டும். அந்த 20-லும் வாயால் பதில் வருவது பெரும்பாலும் நாலைந்துக்குத்தான். அதற்குள் கூச்சல், ஒத்திவைப்பு. போதாததற்கு இப்போதெல்லாம் மக்களவையில் வெளியுறவு அமைச்சகத்துக்கு முறை வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை என்றால் ஊருக்கு விமானம் பிடிக்கிற நாள். கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் டிவியில் பார்க்கும்போது இருக்கைகள் காலியாகத்தான் தெரிகின்றன.

நட்சத்திரம் இல்லாத கேள்விக்கு எழுத்தில் ஒரு பதில் வைத்துவிட்டால் கதை முடிந்தது. நட்சத்திரக் கேள்வி என்றால் துணைக் கேள்வி கேட்கலாம். அமைச்சர் எழுந்து நின்று, முன்கூட்டி எழுதிவைக்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உங்களுக்கு வாய்ப்பு அமைகிற அன்றைக்கு அந்தத் துணைக் கேள்வியைக் கட்சி பேச்சுக்குச் செலவழித்துவிடாதீர்கள் என்பதுதான் என் முதல் வேண்டுகோள். பலரும் அப்படித்தான் செலவழிக்கிறார்கள். இரண்டு நிமிட முன்னுரை, தலைவருக்கு ஒரு வணக்கம், கடைசியில் "அரசு என்ன நடவடிக்கை எடுத்தது?" அதற்கு எந்த அமைச்சரிடமும் பதில் தயாராக இருக்கும்.

இரண்டாவது, அந்த அம்மாவின் ஜித்தா. அமைதிப் பேச்சு பற்றிய கேள்வியையும் ஊரைவிட்டுப் போனவர்கள் பற்றிய கேள்வியையும் தனித்தனியாகக் கேட்காதீர்கள்.

தனித்தனியாகக் கேட்டால் என்ன ஆகிறது என்று பாருங்கள். காசா பற்றிக் கேட்டால், பேச்சுவார்த்தை மூலம் இரு நாட்டுத் தீர்வு காண்பதே இந்தியாவின் நிலை என்று பதில் வரும். நல்ல பதில். தொழிலாளர் பற்றிக் கேட்டால், இஸ்ரேலுடன் 2023-ல் போட்ட ஒப்பந்தம் பற்றியும் கட்டட வேலைக்கு எத்தனை பேர் போனார்கள் என்பது பற்றியும் பதில் வரும். அதுவும் ஒழுங்கான பதில்தான். ஆனால் 2024-ல் அங்கே போர் நடந்துகொண்டிருக்கும்போதே நம் ஆட்களை விமானம் ஏற்றினோம். அந்த ஆண்டு மார்ச்சில் லெபனான் எல்லையோரத் தோட்டத்தில் ஏவுகணை விழுந்து கேரளத்துக்காரர் ஒருவர் செத்தார். ஒரு கையால் அமைதியைக் கோருகிறோம், மறு கையால் சண்டை நடக்கும் இடத்துக்கே ஆள் அனுப்புகிறோம். அப்படி அனுப்பியது சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. வேலையில்லாதவன் போகத்தான் செய்வான். இரண்டு பதிலையும் ஒரே தாளில் வைக்கும்படி யாராவது கேட்டிருந்தால் அமைச்சர் என்ன சொல்லியிருப்பார் என்று தெரிந்துகொள்ளத்தான் ஆசை.

ரஷ்யாவும் அப்படித்தான். சமையல் வேலை, ஹெல்பர் வேலை என்று சொல்லி நம் ஆட்களைக் கூட்டிப்போய், உக்ரைனோடு சண்டை போடும் ரஷ்ய ராணுவத்தில் சேர்த்துவிட்டார்கள். 2025 ஜனவரியில் அமைச்சகம் சொன்ன கணக்கு: மொத்தம் 126 பேர், திரும்பியவர்கள் 96, இறந்தவர்கள் 12, காணாமல் போனவர்கள் 16. அமைதிக்கு உதவத் தயார் என்று இந்தியா இரு தரப்பிடமும் பேசிக்கொண்டிருந்த காலம் அது. அந்தப் பதினாறு பேரின் வீட்டில் அமைதிப் பேச்சு என்ற சொல்லை எப்படிக் கேட்டிருப்பார்கள்?

புதுச்சேரி உறுப்பினருக்கு இங்கே தனியாக ஒன்று. அமைதிப் பேச்சும் ஊர்விட்டுப் போனவர்கள் கதையும் ஒன்றே என்று உங்கள் ஊருக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. 1954 ஜூலையில் ஜெனிவாவில், பிரெஞ்சுக்காரன் நடத்திய இந்தோசீனப் போரை முடித்து வைத்தார்கள். வியட்நாம், லாவோஸ், கம்போடியாவில் போர்நிறுத்தத்தைக் கண்காணிக்கும் குழுவுக்கு இந்தியா தலைமை தாங்கியது. கனடாவும் போலந்தும் உடன் இருந்தன. அதே ஆண்டு அக்டோபர் 18-ல் கீழூரில் வாக்கெடுப்பு, மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1-ல் புதுச்சேரி கைமாறியது. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் வியட்நாமின் சைகோனில் பிரெஞ்சு அரசு வேலையிலும் போலீசிலும் இருந்த புதுச்சேரித் தமிழர்கள். அங்கே பிரெஞ்சுக்காரன் போகிறான், இங்கேயும் போகிறான். நாம் யார்?

பதில் 1956 மே 28-ல் இந்தியாவும் பிரான்சும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் இருந்தது. அது நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16-ல்தான். ஊரில் இருந்தவர் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் இந்தியர். இங்கே பிறந்து இந்தியாவுக்கு வெளியே வேறு நாட்டில் குடியிருந்தவருக்கு நேர் தலைகீழ். எதுவும் எழுதாவிட்டால் பிரெஞ்சுக் குடியுரிமை தொடரும். அப்படித்தான் அண்ணன் ஒரு நாட்டுக்காரர், தம்பி ஒரு நாட்டுக்காரர் என்று வீடுகள் பிரிந்தன. ஒரு தெருவில் பிரெஞ்சு பென்ஷன் வாங்குகிற சொல்தா (பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர்) வீடும், பக்கத்திலேயே ரேஷன் கடை வரிசையில் நிற்கிற பங்காளி வீடும் இருக்கிற ஊர் உலகத்தில் வேறு எது? ஒப்பந்தத்தில் ஒரு வரி, இங்கே மூன்று தலைமுறை. அந்த ஊருக்கு உறுப்பினராக இருந்துகொண்டு, அமைதி ஒப்பந்தம் ஒன்று வரப்போகிறது என்றால் "அங்கே இருக்கிற நம் ஆட்களுக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று முதலில் கேட்க வேண்டியவர் நீங்கள்தான்.

புதுச்சேரியிலிருந்து மரக்காணம் போகிற வழியில் கீழ்புத்துப்பட்டு இலங்கைத் தமிழ் அகதிகள் முகாம் இருக்கிறது. அங்கேயிருந்து ஒரு பெரியவர் ஏதோ சான்றிதழ் விஷயமாக ஒருமுறை கடைக்கு வந்தார். டிவியில் ஏதோ போர்நிறுத்தச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. "திம்பு பாத்தாச்சு, ராஜீவ் ஒப்பந்தம் பாத்தாச்சு, நார்வேக்காரன் பாத்தாச்சு" என்று விரல் மடக்கி எண்ணினார். 1985, 1987, 2002. அவர் குடியுரிமை பற்றிக் கேட்டால் அது உள்துறை. ஊர் திரும்புவது பற்றிக் கேட்டால் அது வெளியுறவு. நாடாளுமன்றத்தில் ஒரே மனிதனுக்கு இரண்டு அமைச்சகம், இரண்டு கிழமை.

இப்போது நான் மறக்க முடியாமல் வைத்திருக்கும் ஒரு பதிலைச் சொல்கிறேன். நம் மாவட்டத்துக்குச் சம்பந்தமில்லாதது. ஆனால் உங்களுக்குப் பாடம் அதில்தான் இருக்கிறது.

2014 ஜூனில் ஈராக்கின் மோசூல் நகரம் ஐஎஸ் தீவிரவாதிகள் கையில் விழுந்தபோது நம் கட்டடத் தொழிலாளர் 40 பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஒருவர் தப்பி வந்து, மற்ற எல்லோரையும் சுட்டுவிட்டார்கள் என்று சொன்னார். அரசு நம்பவில்லை. மீதி 39 பேரும் உயிரோடு இருப்பதாகத் தகவல் வருகிறது என்று அப்போதைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் அவையில் திரும்பத் திரும்பச் சொன்னார். 2017 ஜூலையில், மோசூல் மீட்கப்பட்ட பிறகும், ஆதாரம் இல்லாமல் ஒருவரை இறந்தவர் என்று அறிவிப்பது பாவம், அதை நான் செய்யமாட்டேன் என்றார். அப்புறம் பாதூஷ் என்ற இடத்தில் ஒரு மண்மேட்டைத் தோண்டி உடல்களை எடுத்தார்கள். குடும்பத்தாரின் டி.என்.ஏ.வோடு ஒப்பிட்டார்கள். 2018 மார்ச் 20-ல் அமைச்சர் மாநிலங்களவையில் எழுந்து 39 பேரும் இறந்துவிட்டார்கள் என்று அறிவித்தார். பஞ்சாப் 27, பீகார் 6, இமாச்சலம் 4, மேற்கு வங்கம் 2.

அந்தக் குடும்பங்கள் அதை டிவியில்தான் தெரிந்துகொண்டன. நாலு வருடம் காத்திருந்த பெண்கள், வீட்டு வேலைக்கு நடுவில், செய்தியாக. ஏன் முதலில் எங்களுக்குச் சொல்லவில்லை என்று கேட்டார்கள். அவை நடக்கும்போது அவைக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்பது நாடாளுமன்ற மரபு என்றார் அமைச்சர். அதே அறிவிப்பைப் படிக்க அவர் மக்களவைக்குப் போனபோது அங்கே கூச்சல். முடிக்கக்கூட விடவில்லை.

இதில் சுஷ்மாவைத் திட்டுவது சுலபம். நான் திட்டமாட்டேன். ஆதாரத்துக்காக அவ்வளவு காலம் பிடிவாதமாக நின்றது ஒரு வகை நேர்மை. எலும்பைத் தோண்டி எடுத்து, பெயர் பொருத்தி, பெட்டியில் வைத்து ஊர் கொண்டுவந்து சேர்த்ததும் அதே அரசுதான். எனக்கு உறுத்துவது அந்த மரபு. அவைக்குச் சொல்லும் முன்னால் ஒரு மணி நேரம் முந்தி குடும்பத்துக்குச் சொன்னால் எந்த உறுப்பினருடைய உரிமை பறிபோகும்? எனக்கு அந்த உரிமை வேண்டாம் என்று உங்களில் ஒருவர் எழுந்து சொன்னால் அந்த மரபு அங்கேயே தளராதா? கூச்சல் போட்ட அவையைப் பற்றி நான் எழுத வேண்டாம், உங்களுக்கே தெரியும். குவைத்தில் 2024 ஜூன் 12-ல் மங்காஃப் பகுதித் தொழிலாளர் குடியிருப்பு தீப்பிடித்து நாற்பதுக்கும் மேற்பட்ட இந்தியர்கள் செத்தபோதும் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் போனைப் பார்த்துப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டன. தமிழர் ஏழு பேர். அதில் ஒருவர் நம் கடலூர் மாவட்டம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "தகவல் சேகரிக்கப்படுகிறது, அவையில் வைக்கப்படும்", "பரிசீலிக்கப்படும்" என்று பதில் வந்தால் பேசாமல் உட்கார்ந்துவிடாதீர்கள். அப்படிச் சொன்னாலே அது உறுதிமொழிக் கணக்கில் ஏறும் என்றும், அதை மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்றும், நிறைவேறியதா என்று பார்க்க மக்களவையில் அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது என்றும் ஒரு வழக்கறிஞர் நகல் எடுக்க வந்த இடத்தில் எனக்குச் சொன்னார். அன்றிலிருந்து அந்த வாசகத்தைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷம். கந்துக்காரரிடம் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கின மாதிரி. ஆனால் தேதியன்று போய் நிற்க ஆள் வேண்டுமே. பதில் திருப்தி இல்லாவிட்டால் அரை மணி நேர விவாதம் கேட்கவும் விதி இருக்கிறது. எங்கள் பக்கத்து உறுப்பினர் யாராவது புலம்பெயர்ந்த தொழிலாளருக்காக அதைக் கேட்டுப் பார்க்கட்டுமே.

வெறுமனே குறை சொல்லிவிட்டுப் போகக் கூடாது என்பதால் ஒரு கேள்வியை நானே தட்டி வைத்திருக்கிறேன். மனு எழுதுவது எனக்குத் தொழில். கேள்வி 150 வார்த்தையைத் தாண்டக் கூடாது என்பது விதி. எண்ணிவிட்டேன், தாண்டவில்லை.

வெளியுறவு அமைச்சர் தெரிவிப்பாரா:

(அ) போரோ போர்நிறுத்தப் பேச்சோ நடக்கும் நாடுகளில் இப்போது வேலை செய்யும் இந்தியர் எத்தனை பேர்; அவர்களில் குடிபெயர்வுச் சோதனை தேவைப்படாத பாஸ்போர்ட்டிலும் விசிட் விசாவிலும் போனவர்களை அரசு எப்படிக் கணக்கெடுக்கிறது;

(ஆ) மீட்பு நடவடிக்கை முடிந்ததாக அறிவித்த பிறகும் அங்கே தங்க நேர்ந்தவர்கள் எத்தனை பேர், மாவட்டவாரியாக;

(இ) அப்படித் திரும்பியவர்களுக்கு வரவேண்டிய சம்பள பாக்கி எவ்வளவு; அந்த நாட்டோடு நடக்கும் பேச்சில் அரசு அதை எழுப்பியதா;

(ஈ) இறப்போ காணாமல் போனதோ உறுதியானால் அவைக்கு அறிவிக்கும் முன்பே குடும்பத்துக்கு, அவர்கள் மொழியில், சொல்ல வழிமுறை உண்டா, இல்லையெனில் ஏன்?

இதற்கு வரும் பதில் இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான் இருக்கும். தமிழில் நான் தட்டிக்கொள்கிறேன், அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

அந்தப் பையன் 2023 செப்டம்பரில் திரும்பினான். பாஸ்போர்ட் கடைசி வரை கிடைக்கவில்லை; தூதரகம் கொடுத்த எமர்ஜென்சி சர்டிபிகேட்டில் வந்தான். ஏழு மாதச் சம்பளம் அங்கேயே நின்றுவிட்டது. பாக்கி கேட்டுப் புகார் போட்டோம். கம்பெனி இருந்த கட்டடமே இல்லை என்கிறார்கள். யாரிடம் போய்க் கேட்பது? ஊரில் கொஞ்ச நாள் கான்ட்ராக்ட் வேலை பார்த்தான். ஏஜென்டுக்குக் கொடுத்த கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கலாம் என்று அரசு வைத்த உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். இவன் கொடுத்தது அதைப்போல நாலு மடங்கு, பதிவே இல்லாத ஒருவரிடம்.

போன மாதம் அம்மாவும் பிள்ளையுமாகக் கடைக்கு வந்தார்கள். புதுப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. விசாவும் வரப்போகிறதாம்.

"இப்ப ஈராக்காம் தம்பி" என்றார் அம்மா. "அங்க சண்டைல்லாம் நின்னுடுச்சுதானே?"

பையன் போனைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் பாஸ்போர்ட்டை வாங்கி முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் இரண்டு நகல் எடுத்தேன். ஒன்று அந்த மஞ்சப்பைக்குள் போனது. இன்னொன்று என் மேசை டிராயரில் இருக்கிறது.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்காரன்,
மஞ்சக்குப்பம், கடலூர்.